நேரப் படிவத்தில் "எப்போதும் வரலாம்" என்று எழுதாதீர்கள்: கடை வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கடையில் சேர்ந்த முதல் நாள் மதியம் என்னிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஏழு நாளுக்கு ஏழு கட்டம். எந்த நாளில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வேலைக்கு வர முடியும் என்று நிரப்ப வேண்டும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஏழு கட்டத்திலும் "எப்போதும் வரலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிமிட வேலை. அதைத் திருத்த எனக்கு ஏழு மாதம் ஆனது.

அந்த ஏழு மாதமும் வாரத்துக்கு 22 மணி நேரம்தான் வேலை. ஆனால் அதை ஆறு நாளாகப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். சேர்ந்திருந்த மாலை வகுப்பை விட்டேன். இரண்டாவது வேலை தேடவும் முடியவில்லை. எந்த நாள் காலி என்று எனக்கே தெரிந்தால்தானே? மூன்று முறை மேனேஜரிடம் பேசினேன். முதல் முறை நேரத்தையும் சம்பளத்தையும் ஒன்றாகப் போட்டுக் கேட்டேன், "பார்க்கலாம்" என்றார். இரண்டாவது முறை கடை நிறைந்திருந்த சனிக்கிழமை மாலையில் கேட்டேன், காதிலேயே விழவில்லை. மூன்றாவது முறை எழுதி எடுத்துப் போனேன். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

இந்தப் படிவத்துக்கு இடத்துக்கு இடம் பெயர் மாறும். அவெயிலபிலிட்டி ஃபாரம் என்பது பரவலான பெயர். சில கடைகளில் செயலியில் நிரப்பச் சொல்வார்கள். நான் நேரப் படிவம் என்றே எழுதுகிறேன்.

மொத்தத்துக்கும் இரண்டு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். குறிப்பெடுக்க நான்கு வாரம், எழுதிப் பேச ஒரு வாரம், புது நேரம் நடைமுறைக்கு வர மூன்று வாரம். செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் ஜெராக்ஸும்.

1. கையெழுத்துப் போட்ட காகிதங்களைத் தேடி எடுங்கள்

வேண்டியவை இவை: நியமனக் கடிதம் அல்லது வேலை ஒப்பந்தம், நேரப் படிவத்தின் நகல், ஊழியர் விதிகள் கொண்ட கையேடு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கிடைத்த வரைக்கும் பழைய ரோஸ்டர்கள் (யாருக்கு எந்த நாள், எந்த நேரம் வேலை என்று கடை போடும் பட்டியல்). நேரப் படிவத்தின் நகல் பெரும்பாலும் நம்மிடம் இருக்காது. "என் ஃபைலில் இருக்கும் படிவத்தை ஒரு முறை பார்க்க வேண்டும்" என்று கேட்டுப் படமெடுத்துக்கொள்ளுங்கள். இதில் தயங்க ஒன்றுமில்லை, நீங்கள் கையெழுத்திட்ட தாள்.

ஒப்பந்தத்தில் ஐந்து விஷயங்களைத் தேடுங்கள். வாரத்துக்குக் குறைந்தது இத்தனை மணி நேரம் என்று உறுதி இருக்கிறதா? ரோஸ்டரை எத்தனை நாள் முன்னால் தருவார்கள்? நேரத்தை மாற்றிக் கேட்க எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும்? ஓவர்டைம் எப்போது தொடங்குகிறது? வேறு இடத்தில் வேலை பார்க்கத் தடை உண்டா?

"வணிகத் தேவைக்கேற்ப நேரம் மாற்றப்படலாம்" என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். நேரத்தை மாற்ற அவர்களுக்கு வழி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் மாற்றிக் கேட்பதை அது தடுக்கவில்லை.

பொறி: கையேடும் ரோஸ்டரும் கடையின் செயலிக்குள் மட்டும் இருந்தால், வேலையை விட்ட நாளே உள்ளே நுழைய முடியாமல் போகும். உங்கள் ஷிஃப்ட், உங்கள் சம்பளச் சீட்டு, உங்கள் ஒப்பந்தம் ஆகியவற்றை உங்கள் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். மற்றவர்களின் விவரம், கடையின் விற்பனைக் கணக்கு எதையும் தொடாதீர்கள். அது வேறு வம்பு.

2. நான்கு வாரம் எழுதி வையுங்கள்

"எப்பவும் கடைசி நேரத்தில்தான் மாத்துறீங்க" என்று சொன்னால் மேனேஜர் "எப்போ?" என்று கேட்பார். தேதி சொல்ல வராது. அந்த இடத்திலேயே பேச்சு முடிந்துபோகும்.

ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் ஒரு வரி போதும். ரோஸ்டர் எந்தத் தேதியில் வந்தது, அதில் போட்டிருந்த நேரம், நீங்கள் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், இடைவேளை எத்தனை நிமிடம், மாற்றம் இருந்தால் யார் எப்போது சொன்னார்கள். அன்றன்றைக்கே எழுதுங்கள். வாரக் கடைசியில் உட்கார்ந்து யோசித்து எழுதினால் அது கதையாகிவிடும்.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது கடை திறக்கும் முன்னும் மூடிய பின்னும் போகும் நிமிடங்களை. பத்து நிமிடம் முன்னால் வந்து கல்லாவுக்குச் சில்லறை எண்ணி வைப்பது, ஷட்டரை இறக்கிய பிறகு கணக்கு முடித்துத் துடைத்துவிட்டுக் கிளம்புவது, வாசலில் பை சோதனைக்கு நிற்பது. வருகைப் பதிவை முடித்துவிட்டு "ஒரு நிமிஷம் அந்த ரேக்கை மட்டும்" என்று கூப்பிடுவதும் இதில் சேரும். இதெல்லாம் வேலை நேரமா என்பதை உங்கள் ஊர்ச் சட்டம் சொல்லும். நீங்கள் எழுதி வையுங்கள்.

செயலியில் வருகைப் பதிவு இருந்தால் வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பதிவை மேலிடம் திருத்த முடியும் என்பதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

3. உங்கள் உண்மையான மணிக்கூலியைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் எழுத வந்ததே இதற்காகத்தான்.

நாணயம் எதுவானாலும் மணிக்கு 100 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 22 மணி நேரம் என்றால் 2,200. அந்த 22 மணி நேரம் ஆறு நாளாகப் பிரிந்திருக்கிறது. போக வர ஒன்றரை மணி நேரம் என்றால் ஆறு நாளுக்கு 9 மணி நேரம். தினமும் பத்து நிமிடம் முன்னால் வருவது மொத்தம் 1 மணி நேரம். மூன்று நாள் கடையை மூடும் ஷிஃப்ட், தலா இருபது நிமிடம் அதிகம் என்றால் இன்னொரு 1 மணி நேரம். ஆக 22 மணி நேரச் சம்பளத்துக்கு 33 மணி நேரம் கொடுக்கிறீர்கள். பயணச் செலவு நாளுக்கு 30 வீதம் 180. கையில் நிற்பது 2,020. அதை 33-ஆல் வகுத்தால் மணிக்கு 61.

இப்போது அதே 22 மணி நேரத்தை மூன்று நாளில் முடிக்கிறீர்கள் என்று வையுங்கள். பயணம் நாலரை மணி நேரம், முன்னும் பின்னும் போவது ஏறக்குறைய ஒரு மணி நேரம். மொத்தம் 27.5. பயணச் செலவு 90 கழித்தால் கையில் 2,110. மணிக்குக் கிட்டத்தட்ட 77.

சம்பளம் ஒரு காசுகூட ஏறவில்லை. ஆனால் 61 இருந்த இடத்தில் 77. அதோடு நான்கு நாள் முழுதாகக் கையில் இருக்கிறது. வகுப்புக்குப் போகலாம், இன்னொரு வேலை பார்க்கலாம், தூங்கலாம்.

இதில் மேனேஜர் பக்க விஷயம் ஒன்றும் உண்டு. சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் பெரும்பாலான கடை மேனேஜருக்கு இல்லை. அது மேலே, பட்ஜெட் போடும் இடத்தில் இருக்கிறது. ரோஸ்டர் போடுவது அவர். அதனால் அவரால் தர முடிந்ததை அவரிடம் முதலில் கேளுங்கள். சம்பளப் பேச்சு தனி நாள், தனிக் கடிதம். இரண்டையும் கலந்தால் சம்பளத்துக்குச் சொல்லும் "என் கையில் இல்லை" என்ற பதிலே நேரத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும். நான் பட்டது இது.

4. உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள்

வக்கீல் வேண்டாம். நீங்கள் வேலை பார்க்கும் நாடு அல்லது மாநிலத்தின் தொழிலாளர் துறை இணையதளத்தில் கடை ஊழியர் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு சில கேள்விகளுக்கு மட்டும் விடை தேடுங்கள்: ஒரு நாளைக்கும் வாரத்துக்கும் உச்ச வேலை நேரம், வார விடுமுறை, இரண்டு ஷிஃப்ட்டுக்கு நடுவே கட்டாய ஓய்வு, ரோஸ்டர் முன்னறிவிப்பு, வரவழைத்துத் திருப்பி அனுப்பினால் சம்பளம் உண்டா என்பது.

எதைத் தேடுகிறோம் என்று புரிய சில எடுத்துக்காட்டுகள். வணிக நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்குமான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930 உடன்படிக்கை நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 1957-ல் வந்த இன்னொன்று ஏழு நாளில் குறைந்தது 24 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு வேண்டும் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டு வேலை நாளுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு உண்டு. இரவு கடையை மூடிவிட்டு மறுநாள் விடியற்காலை திறக்க வரச் சொல்வது பல இடங்களில் இந்த விதியில்தான் மாட்டும். அதே ஒன்றியத்தின் 2019 நெறிமுறையின்படி, நிலையான நேரமில்லாத ஊழியரை முன்பே குறித்துக் கொடுத்த நாளுக்கும் நேரத்துக்கும் வெளியே அழைத்தால் அவர் மறுக்கலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

அமெரிக்காவில் ரோஸ்டரை முன்கூட்டியே தர வேண்டும் என்று நாடு தழுவிய சட்டம் கிடையாது. மாநிலமும் நகரமும்தான் போட்டிருக்கின்றன. ஆரிகன் மாநிலத்தில் பெரிய சில்லறைக் கடைகள் 14 நாள் முன்னால் எழுத்தில் தர வேண்டும். நியூயார்க் நகரத்தில் 2017 நவம்பரிலிருந்து கடை ஊழியர்களுக்கு 72 மணி நேரம் முன்னால் தெரிய வேண்டும், போன் வந்தால் ஓடி வரும்படி காத்திருக்க வைப்பதற்கும் தடை. கலிஃபோர்னியாவில் வேலைக்கு வந்தவரைப் பாதிக்கும் குறைவான நேரத்தில் திருப்பி அனுப்பினால் போட்டிருந்த நேரத்தில் பாதிக்குச் சம்பளம் தர வேண்டும், குறைந்தது 2 மணி நேரம், அதிகபட்சம் 4.

பொறி: இந்தச் சட்டங்கள் பலவற்றில் ஊழியர் எண்ணிக்கை வரம்பு உண்டு. நியூயார்க்கில் 20 பேர், ஆரிகனில் உலகம் முழுக்கச் சேர்த்து 500 பேர். பக்கத்துக் கடைக்குப் பொருந்துவது உங்கள் கடைக்குப் பொருந்தாமல் போகலாம்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். வேலை நேர வரம்பை மீறினால் அடிபடுவது உங்கள் விசா. கனடாவில் படிப்புக் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் (2024 நவம்பரில் வந்த மாற்றம்), ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பொதுவாக வாரத்துக்கு 20. இந்த வரம்பு இருந்தால் நேரப் படிவத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். "இன்னொரு ஷிஃப்ட் போட்டுக்கிறியா?" என்ற கேள்விக்கு இதைவிட உறுதியான பதில் கிடையாது.

5. எல்லையை எழுதுங்கள், ஒரு விட்டுக்கொடுப்போடு

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முடியவே முடியாத நேரம். எப்போதும் முடிகிற நேரம். முன்கூட்டியே கேட்டால் பார்க்கலாம் என்கிற நேரம்.

முதல் பத்தி சின்னதாக இருக்கட்டும். எனக்கு அது இரண்டே வரி: செவ்வாய், வியாழன் மாலை, ஞாயிறு முழுதும். கடைக்கு ஆள் தேவைப்படுவது மாலையிலும் வார இறுதியிலும்தான். சனி, ஞாயிறு, எல்லா மாலையும் முடியாது என்று எழுதினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் மணி நேரம் குறையும். ஒரு வார இறுதி நாளை முழுதாகக் கொடுங்கள். "சனிக்கிழமை திறப்பதிலிருந்து மூடுவது வரை எந்த ஷிஃப்ட்டும் சரி" என்று எழுதிக் கொடுத்ததும் மேனேஜர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவர் தலைவலியில் ஒரு பங்கு அங்கேயே தீர்ந்தது.

இரண்டு பொறிகள். "மாலை 6 வரை" என்று நான் எழுதினேன். எனக்கு அது 6 மணிக்குக் கடையை விட்டுக் கிளம்புவது, அவர்களுக்கு அது 6 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து அப்புறம் கணக்கு ஒப்படைப்பது. "மாலை 5:30-க்குள் முடியும் ஷிஃப்ட்" என்று எழுதுங்கள். அடுத்தது, காரணத்தை நீட்டி எழுதாதீர்கள். "வகுப்பு இருக்கிறது", "குடும்பப் பொறுப்பு" என்ற அளவு போதும். விவரம் கொடுக்கக் கொடுக்க, அந்த விவரத்துக்குத் தீர்வு சொல்ல எதிரில் இருப்பவர் தொடங்கிவிடுவார். "குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை" என்றால் "உங்க அம்மா இருக்காங்களே" என்பார்.

நான் கொடுத்த கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

"என் நேரப் படிவத்தை இணைப்பில் உள்ளபடி மாற்றிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய், வியாழன் ஆகிய நாட்களில் மாலை 5:30-க்குள் முடியும் ஷிஃப்ட் மட்டும் இயலும். ஞாயிறு இயலாது. மற்ற நாட்களில், சனிக்கிழமை உட்பட, எந்த ஷிஃப்ட்டும் இயலும். வாரத்துக்கு 20 முதல் 24 மணி நேரம் வேலையைத் தொடர விரும்புகிறேன். அதை மூன்று அல்லது நான்கு நாட்களில் அமைத்தால் உதவியாக இருக்கும். இன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து வரும் ரோஸ்டர் முதல் இது நடைமுறைக்கு வரட்டும்."

அந்த மணி நேர வரியை விடாதீர்கள். நேரத்தைக் குறைத்துக் கேட்கிறீர்கள் என்று அவர்களாக நினைத்துக்கொண்டு 22-ஐ 12 ஆக்கிவிடக் கூடும்.

6. எப்போது, எப்படிப் பேசுவது

ரோஸ்டர் வெளியான மறுநாளோ அதற்கடுத்த நாளோ போங்கள். அடுத்த ரோஸ்டர் வேலை தொடங்கியிருக்காது, போன ரோஸ்டர் பஞ்சாயத்து ஓய்ந்திருக்கும். விற்பனை சீசன், ஸ்டாக் எடுக்கும் வாரம், மேலதிகாரி வரும் நாள் எல்லாம் வேண்டாம். பில்லிங் கவுண்டரில் நின்றபடி பேசாதீர்கள். "நாளை பத்து நிமிடம் வேண்டும், ஷிஃப்ட் நேரம் பற்றி" என்று முந்தின நாளே சொல்லுங்கள்.

உட்கார்ந்ததும் தாளைக் கொடுத்துவிட்டு இரண்டு வாக்கியம் பேசுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் நமக்குச் சங்கடமாக இருக்கும். அதை நிரப்பத்தான் "முடியலைன்னா பரவாயில்லை" என்று நாமே நம் கோரிக்கையைக் கொன்றுவிடுகிறோம்.

"எல்லாரும் இப்படிக் கேட்டா நான் கடையை எப்படி நடத்துறது?" என்பார். நியாயமான கேள்வியும்கூட. எல்லோருக்காகவும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "சனிக்கிழமையை நான் உறுதியா எடுத்துக்கிறேன், நீங்க ஆள் தேட வேண்டாம்" என்று உங்கள் தாளுக்குத் திரும்புங்கள். ஆர்வமுள்ள மேனேஜராக இருந்தால் ஒரு தகவல் சொல்லலாம்: கேப் துணிக்கடை நிறுவனம் சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிக் கடைகள் சிலவற்றில் ஷிஃப்ட்டுகளைச் சீராக்கிப் பார்த்தது; விற்பனை சுமார் 7 சதவீதம் கூடியதாக 2018-ல் வெளியான ஆய்வு சொன்னது. எனக்குக் கிடைத்த மேனேஜர் அந்த வகை இல்லை, நான் சொல்லவுமில்லை.

"சரி, பார்க்கலாம்" என்றால் "எந்த வார ரோஸ்டரிலிருந்து?" என்று கேட்டுத் தேதி வாங்குங்கள். அன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று பேசியபடி இந்தத் தேதியிலிருந்து செவ்வாய், வியாழன் மாலையும் ஞாயிறும் எனக்கு ஷிஃப்ட் இருக்காது என்று புரிந்துகொண்டேன். தவறிருந்தால் சொல்லுங்கள். நன்றி." மேனேஜர் மாறிப் போனால் புதியவரிடம் காட்ட இது ஒன்றுதான் இருக்கும். கடை மேனேஜர்கள் அடிக்கடி மாறுவார்கள்.

புது நேரம் தொடங்கியதும் முதல் மூன்று வாரம் மணி நேரத்தைக் கண்காணியுங்கள். ஒரு வாரம் குறைந்தால் விடுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் தேதி, எண்ணிக்கையோடு எழுதிக் கேளுங்கள். பேசுவதற்கு முன்பே, குறைந்தபட்சம் எத்தனை மணி நேரம் இருந்தால் வாடகையும் சாப்பாடும் ஓடும் என்று கணக்கிட்டு வைத்திருங்கள். இயன்றால் இரண்டு வாரச் செலவுக்குப் பணமும்.

7. லீவு நாளில் போன் வரும்

கட்டாயம் வரும். முதல் வாரத்திலேயே வரும்.

"இன்னிக்கு வர முடியாது. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட்டில் பார்க்கலாம்." இவ்வளவுதான் பதில். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதீர்கள். அடுத்த தடவைக்கு அதைவிடப் பெரிய பொய் வேண்டும். போனை எடுக்காமல் ஓடுவதும் உதவாது. எடுக்கவில்லை என்பது தனிக் குற்றச்சாட்டாக மாறும். செய்தியாக வந்தால் செய்தியாகப் பதில் சொல்லுங்கள், குழுவில் வேண்டாம், தனியாக. குழுவில் ஒருவர் மறுத்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், மேனேஜருக்கு மானப் பிரச்சினையாகிவிடும்.

எப்போதாவது போகலாமா? போகலாம், "பார்க்கலாம்" பத்தியில் எழுதிய நேரமாக இருந்தால். போனால் பதிலுக்கு என்ன என்று அப்போதே கேளுங்கள். "இன்னிக்கு வர்றேன், அதுக்குப் பதிலா புதன்கிழமை லீவு குடுங்க." அதை ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். முடியவே முடியாது என்று எழுதிய நேரத்தில் மட்டும் ஒரு தடவைகூடப் போகாதீர்கள். நான் ஒரு ஞாயிறு போனேன், பாவமாக இருந்ததால். அடுத்த இரண்டு ரோஸ்டரிலும் ஞாயிறு வந்தது.

சக ஊழியரோடு ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டால் மேனேஜரின் ஒப்புதல் எழுத்தில் இருக்கட்டும். அவர் வராமல் போனால் ரோஸ்டரில் இருப்பது உங்கள் பெயர். ஒப்புக்கொண்ட ஷிஃப்ட்டுக்கோ ஐந்து நிமிடம்கூடத் தாமதமாகாதீர்கள். எல்லை போட்டவர் மேல்தான் எல்லோருடைய கண்ணும் இருக்கும்.

8. சம்பளம்: முதலில் வர வேண்டியது, பிறகு கூட வேண்டியது

புது நேரம் ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆகட்டும். அதன் பிறகு சம்பளச் சீட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஏற்கெனவே உழைத்ததற்கு முழுச் சம்பளம் வந்திருக்கிறதா? மணி நேரம் பொருந்துகிறதா? வேலை நேரத்தைப் பதினைந்து நிமிடக் கணக்காகக் கீழே குறைத்துப் போட்டு, மிச்ச நிமிடங்களை விழுங்கியிருக்கிறார்களா? ஓவர்டைம் வீதம் சரியா? கல்லாவில் குறைந்த பணம், சீருடை, உடைந்த பொருள் என்று பிடித்திருந்தால் அந்தப் பிடித்தத்துக்கு உங்கள் ஊர்ச் சட்டம் இடம் தருகிறதா? பல நாடுகளில் சட்டம் அனுமதித்த பிடித்தம் மட்டுமே செல்லும். தவறு இருந்தால் "சம்பள உயர்வு" என்ற சொல்லையே எடுக்காமல், "இந்தத் தேதிகளில் இத்தனை நிமிடம் விடுபட்டிருக்கிறது" என்று சம்பளப் பிரிவுக்கு எழுதுங்கள். இது பாக்கி வசூல், கெஞ்ச வேண்டியதில்லை.

உயர்வு கேட்பது வேறு விஷயம். சேர்ந்தபோது சொன்ன வேலைக்கு மேல் என்னென்ன செய்கிறீர்கள் என்று பட்டியல் போடுங்கள். கடைச் சாவி உங்களிடம் இருக்கிறதா, புதியவர்களுக்கு நீங்கள்தான் பில்லிங் சொல்லிக் கொடுக்கிறீர்களா, இரவு கல்லாக் கணக்கை முடிப்பது யார்? "நான் நன்றாக உழைக்கிறேன்" என்பதற்குப் பதில் தரும் கட்டம் எந்த நிறுவனப் படிவத்திலும் இல்லை. "சாவி வைத்திருப்பவருக்கான சம்பள நிலை எது, எனக்கு அது எப்போது?" என்ற கேள்விக்கு யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பட்ஜெட் எந்த மாதம் முடிவாகிறது என்று பழைய ஊழியர்களிடம் விசாரித்து, அதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்னால் கேளுங்கள். அவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று சில இடங்களில் சொல்வார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் துறை ஊழியர்களுக்கு 1935-ல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டமே அந்தப் பேச்சைப் பாதுகாக்கிறது.

பொறி: "சீனியர்" என்று பட்டை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். "பொறுப்பை எடுத்துக்கோ, சம்பளம் பின்னால வரும்" என்பார்கள். எந்த மாதச் சீட்டில் வரும் என்று எழுத்தில் வாங்காமல் சாவியைக் கையில் வாங்காதீர்கள்.

உயர்வு கிடையாது என்று முடிவாகச் சொல்லிவிட்டால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். தொடர்ச்சியான நாட்கள், மாறாத ஷிஃப்ட், மூடும் ஷிஃப்ட் வாரத்துக்கு ஒன்று மட்டும். இவை கடை மேனேஜர் கையெழுத்தில் நடப்பவை.

9. எதுவும் நடக்கவில்லை என்றால்

இரண்டாவது முறையும் எழுத்தில் கேட்டு இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை எச்.ஆருக்கு (மனிதவளப் பிரிவு) அனுப்புங்கள், தொழிற்சங்கம் இருந்தால் அங்கே போங்கள். சம்பளப் பாக்கியோ ஓய்வு நேர மீறலோ இருந்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். பல இடங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது. கெடு மட்டும் உண்டு: அமெரிக்க மத்திய சட்டத்தின் கீழ் சம்பளப் பாக்கிக்குப் பொதுவாக 2 ஆண்டு. வேறு நாடுகளில் சில மாதங்களே இருக்கும். அதனால் தேதியை முதலில் பாருங்கள்.

கோபத்தில் பாதி ஷிஃப்ட்டில் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள். நோட்டீஸ் காலத்தை முடியுங்கள், கடைசிச் சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான பணமும் எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வேறு வேலை தேடுவதைக் குறிப்பெடுக்கத் தொடங்கும் முதல் வாரமே ஆரம்பித்துவிடுவது நல்லது. கையில் இன்னொரு வாய்ப்பு இருப்பவர் பேசும்போது குரலே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்த கடை நேர்காணலில் மூன்று கேள்வி கேளுங்கள். ரோஸ்டர் எத்தனை நாள் முன்னால் வரும்? போன மாதம் இந்த வேலையில் இருந்தவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைத்தது? மூடும் ஷிஃப்ட்டில் கடை மூடிய பிறகான நேரத்துக்குச் சம்பளம் உண்டா? நேரப் படிவத்தை நீட்டினால் வீட்டுக்கு எடுத்துப் போய் நிரப்பித் தருவதாகச் சொல்லுங்கள். இரண்டாவது கடையில் நான் அப்படித்தான் சொன்னேன். மறுநாள் காலை கொடுத்தபோது ஒரு கட்டம் முழுக்கக் காலி, இரண்டு கட்டம் பாதி. வாங்கியவர் ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "சனிக்கிழமை உறுதியா வருவீங்கதானே?" என்று மட்டும் கேட்டார்.